காட்டப்படாத வரிகள்

ஒரு நூலின் இரண்டு சுவடிகளில் ஒரே பாடம் காணப்படுமாயின், ஒன்றைப் பார்த்தே மற்றொன்று எழுதப்பட்டது என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. இரண்டிற்கும் முற்பட்ட மூலப்படி ஒன்று இருந்திருக்கலாம். சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் முதலில் கற்கும் இப்பாடத்தைக் கணிப்பொறித் துறையினர் ஒருசாரார் கருதாமையால் எழுந்த வழக்கொன்று 2003ஆம் ஆண்டில் தொடங்கி 2021ஆம் ஆண்டு வரை நீண்டது. கவிஞர் பெருமக்கள் கூடும் இம்மலரில் கணிப்பொறி வழக்குக்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். எழுதியவர் யார், எடுத்தாண்டவர் யார், நீக்கப்பட்ட பெயர் யாருடையது என்னும் வினாக்கள் நமக்குப் புதியன அல்லவே.

மென்பொருளும் எழுதப்படுவதே. மனிதர் படித்தறியுமாறு அதனை எழுதிய வடிவத்தை மூலநிரல் என்பர். நிறுவனங்கள் பலவும் அதனைப் பூட்டி வைத்துக்கொண்டு, பொறி மட்டுமே அறியும் வடிவத்தை விற்கின்றன. மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவு தருவது திறந்த மூல மென்பொருள். இப்பெயர் 1998இல் தோன்றியது. வழக்கமோ அதற்கு மிகவும் முற்பட்டது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனம், 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற ஆணைப்படி வேறு வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆகவே யூனிக்ஸ் மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் அதில் ஏராளமாகச் சேர்த்தெழுதினர். 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும் நிலைமை மாறியது. உரிமக் கட்டணம் உயரலாயிற்று.

பெர்க்லியார் செய்தது வியப்புக்குரியது. நிறுவனத்தார் எழுதிய பகுதிகளை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் புதிதாக எழுதித் தருமாறு தன்னார்வலர்களை வேண்டினர். எழுதுவோர்க்குக் கிடைக்கும் ஊதியம் ஒன்றே: தாம் எழுதிய நிரலின் பக்கத்தில் தம் பெயர் இடம்பெறும். இதற்காகவே பலர் முன்வந்தனர். புலவர் மரபில் வந்த நமக்கு இவ்வூதியத்தின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1991இல் அத்தொகுப்பு வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை பி.எஸ்.டி.ஐ. என்னும் சிறுநிறுவனம் 995 டாலருக்கு விற்க முன்வரவே, ஏ.டி. அண்டு டி.யின் கிளையான யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ் 1992இல் வழக்குத் தொடுத்தது. பின்னர்ப் பல்கலைக்கழகத்தையும் அதில் இழுத்தது.

தடையாணை வழங்க நீதிபதி டெபெவாய்ஸ் 1993 மார்ச்சில் மறுத்துவிட்டார். பல்கலைக்கழகம் எதிர்வழக்குத் தொடுத்தது. பெர்க்லியார் எழுதிய நிரலைத் தன் யூனிக்ஸில் சேர்த்துக்கொண்ட நிறுவனம், உரிமத்தின்படி கூற வேண்டிய நன்றியறிவிப்பைக் கூறவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. களவென்று முதலில் கூவியவர் கையிலேயே பிறர் எழுத்து பெயரின்றி இருந்தது! 1994இல் உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்று. வேறு சிலவற்றில் சிறு திருத்தங்களும், 70 அளவிலான கோப்புகளில் உரிமைக் குறிப்பும் சேர்க்கப்பட்டன.

மூன்று கோப்புகளுக்காக ஈராண்டுகள் கழிந்தன. அவ்வீராண்டுகளில் பெர்க்லி நிரலைத் தொடவே பலர் தயங்கினர். வழக்கின் உண்மையான விளைவு இத்தயக்கமே என்பது என் கருத்து. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இக்காலத்தில்தான் வேரூன்றியது. பெர்க்லி வழிவந்த இயங்குதளம் அப்போது தம் கைக்கு எட்டியிருந்தால் லினக்ஸைத் தொடங்கியிருக்கவே மாட்டார் என அவரே பின்னர்க் கூறியுள்ளார்.

தயக்கத்தை விளைவித்தல் வணிகத்தில் பழைய உத்தி. ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து 1970இல் விலகித் தனி நிறுவனம் கண்ட ஜீன் அம்டால், தம் பொறிகளை வாங்க எண்ணுவோர் மனத்தில் ஐ.பி.எம். விற்பனையாளர்கள் அச்சமும் ஐயமும் மயக்கமும் விதைப்பதாகக் குறைகூறினார். அவ்வுத்தி திறந்த மூல மென்பொருளிடம் பலிக்காது என்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உள்சுற்றுக் குறிப்பொன்றே ஒப்புக்கொண்டது. 1998இல் அது வெளியே கசிந்தது. எனினும் 2001இல் அந்நிறுவனத் தலைமை அலுவலர் ஸ்டீவ் பால்மர் சிகாகோ நாளிதழுக்கு அளித்த நேர்காணலில் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2004இல் லினக்ஸ் பத்து மடங்கு செலவு பிடிக்கும் என்று ஒரு விளம்பரம் வந்தது. லினக்ஸை விலையுயர்ந்த பெருங்கணிப்பொறியிலும் விண்டோஸைச் சிறுபொறியிலும் இயக்கிப் பெற்ற கணக்கு அது! பிரிட்டனின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு அதனை அவ்வாண்டே தவறான வழிகாட்டல் எனத் தீர்ப்பளித்தது.

இனிப் பெருவழக்குக்கு வருவோம். பழைய யூனிக்ஸ் வணிகத்தை வாங்கியிருந்த கால்டெரா நிறுவனம் எஸ்.சி.ஓ. எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2003 மார்ச்சில் ஐ.பி.எம். மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது; தொகை பின்னர் 500 கோடியாக உயர்ந்தது. தன் யூனிக்ஸ் வரிகள் லினக்ஸில் கலந்துள்ளன என்றது. லினக்ஸ் பயன்படுத்தக்கூடிய 1500 அளவிலான நிறுவனங்களுக்கு எச்சரிக்கை மடல்கள் பறந்தன. வழக்கைத் தவிர்க்க விரும்புவோர் 699 டாலருக்கு உரிமம் பெறலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. முன்னர்க் குறைகூறப்பட்ட ஐ.பி.எம். இப்போது தற்காப்பாளர் இருக்கையில் அமர்ந்தது வரலாற்றின் குறும்பு.

எந்த வரிகள் என்று கேட்டபோது நிறுவனம் காட்ட மறுத்தது. 2003 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் கூட்டமொன்றில் சில வரிகளைத் திரையில் காட்டினர். அவற்றில் ஒரு பகுதியைப் பிறர் படிக்கலாகாது எனக் கிரேக்க எழுத்தில் மறைத்திருந்தனர். மொழிபெயர்க்கவில்லை, எழுத்துருவை மட்டுமே மாற்றியிருந்தனர். தமிழ் எழுத்துருக்களோடு போராடிய நம் அச்சுக்கோப்பாளர்கள் இதைக் கேட்டால் சிரிப்பர். எழுத்துரு மாறினால் தோற்றம் மாறுமேயன்றி அடியிலுள்ள குறியீடு மாறாது. படம் வெளியான சில நாள்களிலேயே நிரலாளர்கள் அதனைத் திரும்பப் படித்து, பிறப்பிடத்தையும் தேடிக் கண்டனர். ஒரு பகுதியின் மூலம் 1970களின் யூனிக்ஸிலேயே இருந்தது. அப்பழைய யூனிக்ஸைத் தாராள உரிமத்தில் 2002இல் வெளியிட்டதே கால்டெராதான். மற்றொரு பகுதியின் மூலம் பெர்க்லியாருடையது. மூலப்படியைத் தேடாமல் இரு படிகளை மட்டும் ஒப்பிட்டால் நேரும் பிழைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நீதிமன்றமும் பொறுமை இழந்தது. பொதுவெளியில் கூறிய குற்றச்சாட்டுகளுக்கும் முன்வைத்த சான்றுகளுக்கும் இடையேயுள்ள தொலைவு வியப்பளிப்பதாக நீதிபதி கிம்பால் 2005இல் குறித்தார். 2006இல் நடுவர் புரூக் வெல்ஸ், முன்வைக்கப்பட்ட 294 இனங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளினார். கடையில் திருடியதாக ஒருவரைப் பிடித்துவிட்டு, எதைத் திருடினார் என்று சொல்லாமல், கடைப்பொருள் பட்டியல் முழுவதையும் கையில் கொடுத்து நீயே கண்டுபிடி என்பது போல் உள்ளது இது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார்.

இதனினும் பெரிய முடிச்சு வேறு. யூனிக்ஸ் வணிகத்தை 1995இல் விற்ற நோவெல் நிறுவனம், பதிப்புரிமையைத் தான் விற்கவே இல்லை என்றது. 2007 ஆகஸ்டில் நீதிபதி கிம்பால் அதனை ஏற்றார். அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. திவால் காப்புக்கு விண்ணப்பித்தது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பின் ஒரு பகுதி விலக்கப்பட்டு, வழக்கு நடுவர் குழுவிடம் சென்றது. 2010 மார்ச்சில் அக்குழுவும் உரிமை நோவெலுடையதே என்றது. தனதல்லாத உரிமைக்காக ஏழாண்டுகள் ஊரை மிரட்டியிருந்தது அந்நிறுவனம். ஐ.பி.எம். மீது எஞ்சிய வழக்கு 2021இல் 1 கோடியே 42 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அத்தொகை திவாலான நிறுவனத்தின் பொறுப்பாளர் கைக்குச் சென்றது.

இடையே 2007இல், லினக்ஸும் பிற திறந்த மூல மென்பொருள்களும் தன் காப்புரிமைகளில் 235ஐ மீறுவதாக மைக்ரோசாப்ட் கூறிற்று. எவையெவை என அப்போது வெளியிடவில்லை. 2018இல் அதே நிறுவனம் லினக்ஸைக் காக்கும் காப்புரிமைக் கூட்டமைப்பில் சேர்ந்து, 60,000க்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பொதுவில் வைத்தது.

பெர்க்லி வழக்கின் 1994ஆம் ஆண்டு உடன்பாடு பத்தாண்டுகள் மறைவாகவே இருந்தது. உடன்பட்ட இருவரில் ஒருவர் அரசுப் பல்கலைக்கழகம் ஆதலின், கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டப்படி கேட்டுப் பெற்று 2004இல் அதனை வெளியிட்டனர். எஸ்.சி.ஓ. உரிமை கொண்டாடிய கோப்புகள் சிலவற்றுக்கு அப்போதே வழி தீர்க்கப்பட்டிருந்ததை அதன்பிறகே எல்லோரும் படித்தறிந்தனர்.