பாரதப் பங்கு

காசு வாங்காமல் சரித்திரம் சொல்லும் சபைகள் இப்போது பல ஊர்களில் கூடுகின்றன. சென்னையில் 2004-ம் ஆண்டு முதல் ஆகஸ்டு மாதத்தில் பட்டணத்தின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறார்களே, அதையொட்டி நடக்கும் பிரசங்கங்களில் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வழக்கம், ஸார்!" என்றார் நண்பர் ஒருவர். அவரைக் கூரத்துக்கு அனுப்பி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கூரம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். வைஷ்ணவர்களுக்கு அது கூரத்தாழ்வான் அவதரித்த ஸ்தலம். சரித்திரக்காரர்களுக்கோ செப்பேட்டு ஊர். ஏழு மெல்லிய செப்புத் தகடுகள். அவற்றை ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து 1890-ல் அச்சேற்றினார். சாசனம் அளித்தவன் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன். வாதாபி கொண்ட நரசிம்மவர்மனை நாவல் படிப்பவர்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்கவேண்டியதில்லை. அவனுடைய பேரன் இவன்.

கூரத்தில் எழுந்த சிவன் கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்ற கிராமத்தை அரசன் தானம் செய்தான். கிராமத்தை 25 பங்காக்கினார்கள். நான்மறை கற்ற பிராமணர்களுக்கு 20 பங்கு. கோயில் காரியங்களுக்கும் பங்கு உண்டு. எஞ்சியவற்றில்தான் விசேஷம் இருக்கிறது. ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு! அந்த மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தருவதற்கு இன்னொரு பங்கு!

இதிகாசம் என்ற சொல்லுக்கு 'இப்படித்தான் நடந்தது' என்று பொருள். ஆகவே ஏழாம் நூற்றாண்டுக் கூரத்தாருக்குப் பாரதம் கதையல்ல, சரித்திரம். அதைச் சொல்பவருக்கு நிலம் உண்டு. கேட்பவரிடம் தட்டு நீட்டவேண்டியதில்லை. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி, பரமேசுவர தடாகம் என்ற ஏரியை நிரப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் வயலுக்கு வந்து நெல்லாயிற்று, நெல் பாரதமாயிற்று. இலவசம் என்கிறோமே, அதன் கணக்கு இதுதான்.

தண்ணீருக்கும் தீக்கும் தனிப் பங்கு ஒதுக்கியவன் மனிதர்களை அறிந்தவன். தீ என்றது விளக்கைத்தான் என்று நான் எண்ணுகிறேன். நானும் எத்தனையோ இலவசப் பிரசங்கங்களுக்குப் போயிருக்கிறேன். பானை இருக்கும், தம்ளர் இராது; தம்ளர் இருக்கும் நாளில் பானை காலியாக இருக்கும். பேச்சாளர் பத்தாம் நூற்றாண்டை எட்டுவதற்குள் பாதி ஜனம் சோடாக் கடையை எட்டிவிடும்.

ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அதே செப்பேட்டில் பெருவளநல்லூர்ப் போரின் வர்ணனை இருக்கிறது. அரிவாரணம் என்ற யானை வருகிறது, அதிசயம் என்ற குதிரை வருகிறது. லட்சக்கணக்கான சேனையோடு வந்த சளுக்க விக்கிரமாதித்தன் கந்தைத் துணி ஒன்றைப் போர்த்துக்கொண்டு ஓடினானாம்! சளுக்கரின் கத்வால் செப்பேடு 674-ம் வருஷத்தது. அதைப் புரட்டினால், விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான், பல்லவனை வென்றான், காவிரியின் தென்கரையில் உரகபுரத்தில் ஜம்மென்று தண்டு இறங்கியிருந்தான் என்று கண்டிருக்கிறது. கந்தையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

காஞ்சியைச் சுற்றியிருந்த குடியானவர்களுக்கு இரண்டு ஏடுமே வேண்டியதில்லை. படை போன வழியும் அழிந்த பயிரும் அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் மண்டபத்தின் ஓரத்தில் நின்றாவது அபிமன்யு விழுந்த கட்டத்தைக் கேட்டிருந்தால், யாரை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்? அவர்களை உள்ளே விட்டார்களா என்று ஏடு சொல்லவில்லை. பின்னாளில் தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் அந்தக் கதவு நன்றாகவே திறந்துவிட்டது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. செலவு ஊர்ப் பொது.

கூரத்தில் இனி யாராவது சரித்திரச் சபை கூட்டினால் முதல் நாள் பிரசங்கத்துக்கு விஷயம் தயாராக இருக்கிறது. பல்லவன் ஏட்டையும் சளுக்கன் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டியதுதான். குடிக்கத் தண்ணீர் வைக்கிறார்களா என்று பார்க்கவாவது நான் வருகிறேன்.