மகன் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு என்ன செய்கிறான்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கணினி படிக்கிற பிள்ளை இருந்தால் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

அண்மையில் ஓர் உம்மா எங்களிடம் வந்தார். "சேர், மகன் கொழும்புக் கொம்பனியில வேல எண்டு சொல்றான். இப்ப வீட்ட வந்து ராவு பகலா கறுப்புத் திரையப் பாத்துக்கொண்டு இருக்கிறான். இங்கிலிசு எழுத்து ஓடுது. ஒண்டும் சரிவருதில்ல எண்டு தலையில கைய வச்சிட்டு இருக்கிறான். இது வேலதானா, இல்லாட்டி வாப்பாவோட கடலுக்கு அனுப்பவா?"

பையன் எங்களிடம் படித்தவன். போய்ப் பார்த்தோம். ஒரு பெரிய மென்பொருளின் சிறிய துண்டு ஒன்றைத் தன் லப்டொப்பிலேயே ஓடவைத்து, அதில் இருக்கும் பிழையைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்து இதைச் செய்ய முடிந்தால் மாதத்தில் பாதி நாள் மன்னாரில் இருக்கலாம். முடியாவிட்டால் திரும்பவும் கொழும்பு, அறை வாடகை, கடைச் சாப்பாடு. பயிற்சிச் சம்பளத்தில் அது கட்டாது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, பிறகு ஊர் திரும்பிய தலைமுறை நாங்கள். பிள்ளை தொழிலுக்காக மறுபடி ஊரை விட்டுப் போவது எங்கள் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை.

அந்த உம்மாவுக்கு நாங்கள் சொன்ன உதாரணம் இது. போட் எஞ்சின் பழுதானால் திருத்துகிறவர் அதை உடனே கடலுக்குக் கொண்டுபோவதில்லை. கரையில் சட்டத்தில் பூட்டி, பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஓட்டிப் பார்ப்பார். சத்தத்தைக் கேட்பார், நிறுத்துவார், கழற்றுவார். மகன் செய்வதும் அதுதான். லப்டொப் அவனுடைய பீப்பா.

ஆனால் இந்தப் பீப்பா எல்லாக் காலத்திலும் இருக்கவில்லை.

1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மொரிஸ் வில்க்ஸ், தன் மீதி வாழ்நாளில் பெரும்பகுதி தன்னுடைய நிரல்களின் பிழையைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று படிக்கட்டில் ஏறும்போது உறைத்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தக் காலத்தில் கணினி ஒரு அறை நிறைய இருக்கும். பிறகு வந்த துளையட்டைக் காலத்திலும் நிலைமை அதிகம் மாறவில்லை. அட்டைக்கட்டை இயக்குநரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல இடங்களில் மறுநாள்தான் விடை வரும். ஒரு காற்புள்ளி பிழைத்திருந்தால் இன்னொரு நாள் போச்சு. எழுதுகிறவனுக்கும் ஓடுகிற இயந்திரத்துக்கும் இடையில் சுவர், அதற்கு முன்னால் வரிசை. தூரத்தில் இருக்கிறவனுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

1961ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. மாணவர்கள் பிடிபி-1 என்ற கணினிக்கு ஒரு கருவி எழுதினார்கள். நிரல் ஓடும்போதே அதை இடையில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டி.டி.ரி. மலேரியாவுக்கு வீடு வீடாக அடித்த டி.டி.ரி.யை எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். கணினிப் பிழையைப் பூச்சி என்று சொல்வது வழக்கம் என்பதால் பூச்சிமருந்தின் பெயர். 1947இல் ஹார்வர்ட் மார்க் 2 கணினிக்குள் உண்மையாகவே ஒரு அந்துப்பூச்சி அகப்பட்டது, அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்று பாடப்புத்தகப் பாணியில் சொல்லித் திரிகிறார்கள். எடிசன் காலத்திலேயே அந்தச் சொல் புழங்கியது.

1981இல் ஐ.பி.எம். பீசி வந்தபின் இயந்திரம் மேசைக்கே வந்துவிட்டது. நீங்களே எழுதலாம், நீங்களே ஓட்டலாம்.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எங்களுக்குக் கவலை. 2003இல் சஞ்சீவ வீரவரண முதலானோர் கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்ய வழியில்லை. தொண்டர்கள் கூடிச் சில நாட்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்ற இலவசக் கருவிகளால் செய்தது, ஆகவே சாதாரணக் கணினியிலும் முழுவதையும் நிறுவி ஓட்டலாம். அதனால்தான் மற்ற நாட்டவரும் அதை எடுத்துத் திருத்த முடிந்தது. 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் பயன்பட்டது. முகாம் பதிவில் பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

2005இல் அதே சஞ்சீவ வீரவரணவும் போல் ஃப்ரீமன்டிலும் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் அவர்களின் வேலை.

இதற்கிடையில் சுவர் திரும்பவும் எழும்பியது. 2008 ஓகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன்பின் அவர்கள் எல்லாவற்றையும் வெளிச் சேர்வர்களுக்கு மாற்றி, ஒரே பெரிய நிரலை நூற்றுக்கணக்கான சிறு நிரல்களாக உடைத்தார்கள். 2016 ஜனவரியில்தான் அந்த வேலை முடிந்தது. இப்படி உடைத்த துண்டுக்கு மைக்ரோசேர்விஸ் என்று பெயர். 2014இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் எங்கும் பரவியது.

மீன் வாடியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் நிறுப்பார், ஒருவர் ஐஸ் போடுவார், ஒருவர் கணக்கெழுதுவார், ஒருவர் லொறி பார்ப்பார். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குப் பதிலாக ஆள் போடலாம், வாடி நிற்காது. ஆனால் கணக்குப்பிள்ளையை வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால்? நிறுக்கிறவர் கத்துகிற தொகையை யாராவது பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். 8 ஜீபி நினைவகம் உள்ள லப்டொப்பில் வாடி முழுவதையும் இறக்க முடியாது. தேவையான இரண்டு பேரை மட்டும் இறக்கி, மற்றவர்களுக்குப் பதிலாக நடிக்கிற ஆட்களை வைக்க வேண்டும்.

அதற்கு இரண்டு விஷயம் கைகொடுத்தது. 2011இல் ஹெரோக்கு நிறுவனத்தின் அடம் விக்கின்ஸ் ஒரு வழிமுறைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒன்று: தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல் போன்றவற்றை நிரலுக்குள் எழுதாதே, வெளியே வை. அப்போது நிரலில் கை வைக்காமலே கொழும்பில் ஒரு முகவரி, வீட்டில் ஒரு முகவரி கொடுக்கலாம். இரண்டாவது, 2013 மார்ச்சில் சொலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் காட்டிய டொக்கர். துறைமுகத்துக் கொள்கலன் போல, நிரலையும் அதற்குத் தேவையான சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைப்பது. எந்தக் கணினியில் இறக்கினாலும் உள்ளே அதே சாமான். டபிள்யூஎஸ்ஓ2 2017இல் அறிவித்து, 2019இல் 1.0 ஆக்கிய பலரினா மொழி இந்தச் சிறு சேவைகளை எழுதவென்றே கொழும்பில் பிறந்தது. ஒரே கட்டளையில் உங்கள் கணினியிலேயே ஓடும், இடையில் நிறுத்தியும் பார்க்கலாம்.

இனி பையனின் கதை. அவனுடைய சேவை தொடங்கவே இல்லை, 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தது. அமைவுக் கோப்பில் தரவுத்தளத்தின் முகவரி அலுவலகத்து உள் முகவரி. வீட்டில் அது எங்கே இருக்கும்? லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்றி, தரவுத்தளத்தை டொக்கரில் ஏற்றினான். ஓடியது. ஆனால் தேடிய பிழை தெரியவில்லை. அலுவலகத்துச் சேர்வரில் கணக்கு பிழைக்கிறது, இவனுடைய லப்டொப்பில் சரியாக வருகிறது. 'என் கணினியில் ஓடியதே' என்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய சாட்டு.

சேவையையும் டொக்கருக்குள் போட்டுப் பார் என்றோம். உடனே திரும்பவும் இணைப்பு மறுப்பு! இரண்டு மணித்தியாலம் இதில் போனது. பெட்டிக்குள் இருக்கிற நிரலுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் பெட்டிதான், லப்டொப் இல்லை. தரவுத்தளம் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது, அதன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எங்களுக்கும் அன்றுதான் தெளிவாக விளங்கியது.

பிறகு திகதி கணக்கிடும் வரியில் நிறுத்தப் புள்ளி வைத்து ஓட்டினான். நிரல் அங்கே நின்றது, உள்ளே இருந்த பெறுமதி தெரிந்தது. அதிகாலை 4 மணி ஓடர் முதல் நாள் திகதியில் விழுந்திருந்தது. பெட்டிக்குள் கடிகாரம் உலகப் பொது நேரத்தில், நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையில் வந்ததெல்லாம் நேற்றைய கணக்கில் போயிருந்தது. லப்டொப் எங்கள் நேரத்தில் ஓடியதால் பிழை ஒளிந்திருந்தது.

பரீட்சைக்காக ஐசிரி படிப்பிக்கும்போது இந்தத் தேடலை நாங்கள் காட்டுவதே இல்லை. வரைவிலக்கணம் எழுதினால் புள்ளி வரும், பிழை தேடினால் வராது. அது எங்கள் பக்கக் குறை.

உம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப விடியக்காலம் வந்த மீன நேத்தைய கணக்கில எழுதின மாதிரியா?" என்றார். அதேதான் என்றோம். கடலுக்கு அனுப்புகிற கதை அதோடு நின்றது.

ஒரு கஷ்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. டொக்கர் பெட்டிகளை முதல்முறை இறக்க டேட்டா நிறையப் போகும். அதற்கும் பையன் வழி வைத்திருக்கிறான். அலுவலகத்திலேயே எல்லாவற்றையும் இறக்கி, ஒரே கோப்பாகப் பென்டிரைவில் போட்டு, தலைமன்னார் ரயிலில் கொண்டுவருகிறான். பாடசாலைக் கணினி அறைக்கும் ஒரு பிரதி தந்திருக்கிறான். ஓ.எல். முடித்த பிள்ளைகள் யாருக்காவது ஓட்டிப் பார்க்க விருப்பமென்றால் பென்டிரைவோடு வரச்சொல்லுங்கள், 16 ஜீபி போதும்.