இரு பாதைகள் சந்தித்த ஊர்

ஆற்றங்கரையிலும் துறைமுகத்தின் அருகிலும் ஊர்கள் தோன்றுவது பழைய வழக்கம். பெரிய ஆறோ கடலோ அருகில் இல்லாமல், இரண்டு இரும்புப் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் என்ற ஒரே காரணத்தாற் பிறந்த ஊர்களும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், மிஸிஸிப்பி மாநிலத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள கொரிந்த் அவற்றுள் ஒன்று.

1853இல் இவ்வூர் உருவாயிற்று. தெற்கே மொபைல் துறைமுகத்திலிருந்து ஒஹாயோ ஆற்றை நோக்கி ஒரு பாதை. மேற்கே மெம்பிஸ் நகரிலிருந்து அத்திலாந்திக் கரையை நோக்கி இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடமென்பதால் 'குறொஸ் சிற்றி', அதாவது சந்தி நகரம் என்றே முதலிற் பெயரிட்டனர். பின்னர் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் யோசனைப்படி அது கொரிந்த் ஆயிற்று. கிரேக்க நாட்டுப் பழைய கொரிந்தும் வழிகள் கூடும் இடத்திலே எழுந்த நகரமன்றோ!

பருத்தியைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதே அப்பாதைகளின் முதல் நோக்கம். பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகள். தென்னாட்டில் தண்டவாளங்கள் இட்டதிலும் அவர்களின் உழைப்பே பெரும்பங்கு. கிழக்கு மேற்குப் பாதை 1857இலும் வடக்கு தெற்குப் பாதை 1861இலும் நிறைவெய்தின. அதே 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகள் படைவீரரை ஏற்றலாயின.

சந்தியைப் பிடிப்பவன் போக்குவரத்தைப் பிடிப்பான். ஆகவே சின்னஞ்சிறு கொரிந்துக்காகப் பெரும்படைகள் மோதின. 1862 ஏப்ரிலில், அண்மையிலுள்ள ஷைலோவிற் காயமுற்றோரால் ஊரின் விடுதியும் தேவாலயங்களும் நிரம்பின. மே மாத இறுதியில் வடபடை ஊரை நெருங்கியபோது, தென்படைத் தளபதி பியூறகாட் ஒரு தந்திரஞ் செய்தார். இரவில் வெறும் புகையிரதங்கள் ஊதி வர, வீரர்கள் ஆரவாரித்தனர். புதுப்படை வருகிறதென எதிரி மயங்க, முழுப்படையும் நழுவிச் சென்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஊரை மீட்கவந்த தென்படை தோற்றது.

நேயர்களே, ஊரின் மேன்மையான பக்கம் இனித்தான். வடபடையின் காவலை நம்பி, சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து அடிமைகள் திரள்திரளாக வந்தனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் மனிதரல்லர். எதிரியிடம் கைப்பற்றிய 'பொருள்'. தளபதி கிறென்வில் டொட்ஜ் அவர்களுக்கென ஒரு முகாம் அமைத்தார். வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எழுந்தன. அவர்களே பருத்தியும் காய்கறியும் பயிரிட்டு இலாபமும் ஈட்டினர். பல தென்மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றமாயிருந்த காலம் அது. இம்முகாமிலோ 1863 ஓகஸ்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாசிக்கக் கற்றனர். ஆடவர் பலர் வடபடையிற் சேர்ந்தனர்.

1863 டிசம்பரில் முகாம் மெம்பிசுக்கு மாற்றப்பட்டது. டொட்ஜ் பின்னர், 1869இல் நிறைவெய்திய கண்டங்கடந்த இரும்புப் பாதையின் தலைமைப் பொறியியலாளர்களுள் ஒருவரானார். போரில் நலிந்த ஊர் மெல்லத் தலைநிமிர்ந்து, 1870இல் உருவான ஆல்கோண் மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் குடித்தொகை ஏறக்குறைய 14,600. பழைய புகையிரத நிலையம் இன்று அரும்பொருட்சாலை.

முகாம் இருந்த இடத்தில், அங்கு வாழ்ந்தோரை நினைவூட்டும் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. அடிமை விளைவித்த பருத்தியை விற்கவே பாதை இட்டார்கள். அப்பாதைகள் சந்தித்த ஊரிலேயே அடிமை ஏடு விரித்தான்.