தங்கவயலில் கால்பந்து: திண்ணையில் தேர்ந்த அணிகள்

சங்கத்தின் ஆண்டு விழா மலர் என்றால் அதில் இலக்கியம் இருக்கும்; திருக்கோயில் வரலாறு இருக்கும்; சான்றோர் வாழ்த்துரை இருக்கும். அவற்றுக்கிடையே கால்பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வினவுவோர் மாரிகுப்பத்திலோ, சாம்பியனிலோ, உரிகத்திலோ பிறந்து வளர்ந்தவராக இருக்கமாட்டார். தங்கவயல் தமிழனின் வாழ்வில் பாதி பூமிக்கடியில் கழிந்தது. எஞ்சிய பாதியில் பெரும்பகுதி மைதானத்தின் ஓரத்தில் கழிந்தது. பூமிக்கடியில் கழிந்ததை எழுத ஏடுகள் உண்டு, கணக்குகள் உண்டு. மைதானத்தின் ஓரத்தில் கழிந்ததை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. அந்தக் குறையைச் சிறிதேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்து வந்த வழி

1880ஆம் ஆண்டில் மைசூர் சுரங்கக் கம்பெனி தோன்றியது. அதன் நிர்வாகத்தை ஏற்ற ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் தங்கவயலை உலகறியச் செய்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். நிலமின்மையும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் அவர்களைத் துரத்தின. நாள் தவறாத கூலி அவர்களை அழைத்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்கு இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வருமுன்னரே நம் சுரங்கங்களில் மின்சாரம் ஓடியது என்பது பலரும் அறிந்த செய்தி.

சுரங்க வேலையில் தேர்ந்த கார்ன்வால் நாட்டாரும் பிற ஆங்கிலேயரும் தங்களோடு தங்கள் ஆட்டங்களையும் கொண்டு வந்தனர். கிளப்புகள் அவர்களுக்கே உரியனவாக இருந்தன. நம்மவர் அங்கே கதவைத் திறக்கும் ஏவலாளராகவே நுழைய முடிந்தது. ஆனால் டென்னிசுக்கு வேலி போடலாம், பில்லியர்ட்சுக்குக் கதவு போடலாம், கால்பந்துக்கு எந்தக் கதவைப் போடுவது? ஒரு பந்தும், சயனைடு மேட்டின் அடிவாரத்தில் சிறிது சமதரையும் போதும். கந்தலைச் சுருட்டிக் கயிற்றால் கட்டினாலும் அது உருளும். இவ்வாறு துரைமார் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர், நாளடைவில் வேலிக்கு உள்ளே ஆடும் வீரராயினர்.

கல்கத்தாவில் 1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். 1937இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலாக வென்ற இந்திய அணி நமக்கு அண்டையிலிருந்த பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியே. அடுத்த ஆண்டும் அவ்வணியே வென்றது. மேலே நிற்பவனும் கீழே நிற்பவனும் ஒரே கோட்டின்மேல் சமமாக நின்று தொடங்கும் காரியம் உலகில் ஒன்றாவது உண்டு என்பதை இவ்வெற்றிகள் காட்டின. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர் பெருமக்களுக்கு அந்தச் சமத்துவத்தின் அருமை நன்கு தெரிந்திருக்கும்.

திண்ணை என்னும் தேர்வுக்குழு

மாலைச் சங்கு ஊதியதும் லைன்களில் தொடங்கும் விவாதம் இரவுச் சங்கு வரையில் ஓயாது. நாளை ஆடப்போகும் பதினொருவர் யார்? எல்லாச் சுரங்கத்திலும் மக்கள் தமக்குரிய அணியைத் தம் குழந்தையைப் போல் எண்ணினர். அணித்தலைவர் ஒரு பட்டியல் எழுதுவார். தேநீர்க் கடை ஒரு பட்டியல் எழுதும். தட்டி வீட்டுத் திண்ணை மற்றொரு பட்டியல் எழுதும். மூன்றும் ஒத்திருந்த நாள் உண்டா என்று கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

விவாதம் வெறும் கூச்சலாக இருந்ததில்லை. இரவு ஷிப்டு முடித்து வந்தவனை அன்று மாலையே ஆடவிடலாமா? பூட்சு அணிந்தால் தடுமாறி, வெறுங்காலோடு ஓடினால் பறப்பவனை ஈரத் தரையில் இறக்கலாமா? முன்னணியில் ஐவரை நிறுத்தும் பழைய முறை நல்லதா, பின்னே மூவரை நிறுத்தும் முறை நல்லதா? இவையெல்லாம் அலசப்பட்டன.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புவது ஒன்று. நம்பியவனை அவனுக்கேற்ற வேலையில் நிறுத்துவது மற்றொன்று. முன்னது மட்டும் தெரிந்து பின்னது தெரியாத அணித்தலைவர் நல்ல இடப்புற வீரரை வலப்புறத்தில் நிறுத்தித் தோற்பார். குறளைப் பள்ளியில் பயிலாத நம் பாட்டனார்கள் இவ்விரண்டு அதிகாரங்களையும் மைதானத்தில் பயின்றார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

வேறொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த ஷாப்டில் இறங்குவது, யார் மேஸ்திரி, என்ன கூலி என்பவற்றில் தொழிலாளியின் கருத்தை எவரும் கேட்டதில்லை. ஆனால் மைதானத்தோரத்தில் அவன் கருத்து ஒரு கருத்தாகவே மதிக்கப்பட்டது. காரணம் காட்டிப் பேச வேண்டும், எதிர்க்கட்சியின் சொல்லுக்கும் காது கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கே வளர்ந்தது. தொழிற்சங்க மேடைக்கு வேண்டிய பயிற்சி ஓரளவு இத்திண்ணைகளிலும் கிடைத்தது என்பது நம் துணிபு.

சுண்ணாம்புக் கட்டியும் லீக் கணக்கும்

லீக் ஆட்டங்களின் இறுதி வாரம் வந்தால் விவாதம் கணக்காக மாறிவிடும். அந்நாளில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சமமானால் கோல் சராசரி பார்க்கப்படும். அதாவது அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்க வேண்டும். ஓர் அணி 24 கோல் அடித்து 6 வாங்கியிருந்தால் சராசரி 4. மற்றோர் அணி 30 அடித்து 10 வாங்கியிருந்தால் சராசரி 3. எனவே முன்னதற்கே பட்டம். ஆனால் இன்றுள்ளபடி கழித்துப் பார்த்தால் முன்னதற்கு 18, பின்னதற்கு 20, பட்டம் கைமாறிவிடும்! அதனால் அக்காலத்து ரசிகன் முன்னணி வீரனைவிடக் கோல் காப்பவனையே பெரிதும் மதித்தான். வாங்கும் ஒரு கோல், அடிக்கும் பல கோல்களைத் தின்றுவிடும்.

இங்கிலாந்தின் லீக்கில் 1976இல் சராசரி முறை நீங்கி வேறுபாட்டு முறை வந்தது. 1981இல் வெற்றிக்கு மூன்று புள்ளி வந்தது. உலகக் கோப்பையில் மூன்று புள்ளி முறை 1994இல் ஏற்கப்பட்டது. எழுத்தறியாத பெரியவர் ஒருவர் வகுத்தல் கணக்கை வாய்க்கணக்காகப் போட்டு, இன்னும் எத்தனை கோல் வேண்டும் என்று சொல்ல, பள்ளிச் சிறுவன் தேநீர்க் கடைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிச் சரிபார்த்த காட்சியை இங்கு நினைவுகூர்கிறோம்.

மாநில அணியும் மாபெரும் அரங்கமும்

நம் விவாதம் சுரங்க எல்லையோடு நின்றதில்லை. 1946-47ஆம் ஆண்டுச் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் மைசூர் அணி வங்காளத்தை வென்று வாகை சூடியது. 1952-53, 1967-68, 1968-69 ஆண்டுகளிலும் வங்காளத்தையே வென்றது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் விடுதலை பெற்ற இந்தியா பிரான்சை எதிர்த்தாடி 1-2 என்று தோற்றது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். நமக்குக் கிடைத்த அந்த ஒரே கோலை அடித்தவர் மைசூரின் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி உதைகள் வீணாயின. அவற்றை உதைக்க யாரை அனுப்பியிருக்க வேண்டும் என்ற வழக்கைத் திண்ணைகள் எளிதில் தள்ளுபடி செய்துவிடுமா?

பெங்களூரிலிருந்து சென்ற தன்ராஜும் அகமது கானும் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியின் 'பஞ்ச பாண்டவர்' என்று புகழப்பட்ட முன்னணி ஐவருள் இருவர். அவ்வணி 1949 முதல் 1951 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது.

தேர்வின் நுட்பத்திற்கு 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியே சிறந்த சான்று. பின்காவல் வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. பயிற்றுநர் ரகீம் அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் நடு முன்னணியில் நிறுத்தினார். இரண்டிலும் அவர் கோல் அடித்தார். அரையிறுதியில் கோலைக் காத்த பிரத்யுத் பர்மனுக்கு மாறாக, நோயிலிருந்து எழுந்த தமிழர் பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்தில் இறக்கினார். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொணர்ந்த அவ்வணிக் குழுவில் அருமைநாயகமும் இருந்தார். இந்தியா அன்று தோற்றிருந்தால் அதே இரண்டு முடிவுகளுக்காக ரகீமை நாம் ஏசியிருப்போம் அன்றோ?

நம் தீர்ப்பும் பிழைபடும்

பெரியவர்கள் சொல்லக் கேட்ட நிகழ்ச்சி ஒன்று. பெயர்கள் வேண்டா. லீக் பட்டத்தை முடிவு செய்யும் கடைசி ஆட்டம். லைன் முழுதும் நம்பியிருந்த இடப்புற இளைஞனின் பெயர் பட்டியலில் இல்லை. வேண்டியவர்க்கு இடம் கொடுத்துவிட்டார் தலைவர் என்று திண்ணைகள் கொதித்தன. சிலர் அவர் வீட்டு வாசலுக்கே சென்று நியாயம் கேட்டனர். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது, பட்டம் போயிற்று. அந்தப் பழியைச் சுமந்தே தலைவர் முதுமை எய்தினார்.

அவர் மறைந்த அன்று, அப்போது நரைத்துவிட்ட அந்த இடப்புற வீரர் வாய் திறந்தார். ஆட்டத்திற்கு முந்திய இரவு சுரங்கத்தில் பாறை வெடித்ததாம். சிக்கியவர்களை விடியும்வரை தூக்கி வெளியேற்றியவருள் அவரும் ஒருவர். கால் நிற்கவில்லை; என்னை விட்டுவிடுங்கள் என்று தலைவரிடம் அவரே கேட்டுக்கொண்டார். நான் அந்த இடத்தில் இருந்தேன் என்று தெரிந்தால் என் தாய் என்னை மீண்டும் இறங்கவிடமாட்டாள், ஆகையால் காரணத்தை எவரிடமும் சொல்லவேண்டா என்றும் கேட்டுக்கொண்டார். தலைவர் சொல்லவில்லை, இறுதிவரை.

வாதிடுவது நம் உரிமை. ஆனால் வெளியில் நிற்பவருக்குத் தெரியாத காரணம் ஒன்று உள்ளே இருக்கக்கூடும் என்பதை மறவாதிருப்பது நம் கடமை. சுரங்கத்து மக்களுக்கு இதை வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சங்கு நின்ற பின்

1956இல் மைசூர் அரசும் பின்னர் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. மூன்று கிலோ மீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. சங்கு நின்றது. விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் வாழ்க்கை வந்தது.

வாதம் மட்டும் நிற்கவில்லை. அது இரயில் ஏறியது. 2015ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பெங்களூரில் மோகன் பகானுக்குச் சமநிலை போதும், பெங்களூரு அணிக்கு வெற்றி வேண்டும் என்ற நிலை. ஜான் ஜான்சன் அடித்த கோலால் முன்னணியில் நின்ற பெங்களூரு, ஆட்டம் முடியும் தறுவாயில் பெல்லோ ரசாக் தலையால் முட்டிய கோலால் பட்டத்தை இழந்தது. 2019 மார்ச்சு 9ஆம் நாள் கோவையில் சென்னை சிட்டி அணி முதலில் ஒரு கோல் வாங்கியும் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியால் முந்தியது. 2023 மார்ச்சு 4ஆம் நாள் ரியாத் நகரில் கர்நாடக அணி மேகாலயத்தை 3-2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையை மீட்டது. 1969இல் மகிழ்ந்த முதியோருள் சிலர் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து இதனையும் கண்டு மகிழ்ந்தனர்.

கோப்பைகளின் வரலாறு ஏடுகளில் இருக்கிறது. சயனைடு மேட்டருகே ஆடியவர், பந்தைத் தைத்துக் கொடுத்தவர், வாய்க்கணக்குப் போட்ட பெரியவர் ஆகியோரின் வரலாறு இன்னும் சிலர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்த நினைவுகள் ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக அவிந்து வருகின்றன. ஆகவே காலனிக் குடும்பத்தார் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம்: இவ்வாண்டு விழா முடிந்து இல்லம் சென்றதும், வீட்டுப் பெரியவரிடம் ஒன்று கேளுங்கள். "உங்கள் காலத்துப் பதினொருவர் யார் யார்?" அவர் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்பட்டியலை மறுப்பார். அதையும் எழுதுங்கள், அந்த மறுப்பும் சேர்ந்ததே தங்கவயலின் வரலாறு.