முன் சிலுவைத் தசைநார்க் கிழிவு

முழங்கால் மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைக்கும் தசைநார் கிழிவது; சுருக்கமாக ஏ.சி.எல். கிழிவு. பேச்சு வழக்கில் 'ஜவ்வு கிழிதல்'. கபடி, கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்களில் பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் சட்டெனத் திரும்பும்போதும், குதித்துத் தவறாகக் கால் ஊன்றும்போதும் பெரும்பாலும் நேர்கிறது.

அறிகுறிகள்: அடிபட்ட கணத்தில் மூட்டுக்குள் 'டப்' என்ற ஓசை அல்லது உணர்வு, ஆட்டத்தைத் தொடர இயலாத வலி, மூட்டினுள் இரத்தம் கசிவதால் சில மணி நேரத்திலேயே வீக்கம், காலை முழுமையாக நீட்ட, மடக்க இயலாமை. சில வாரங்களில் வீக்கம் வடிந்து, நடையும் இயல்பாகலாம். ஆயினும் திரும்பும்போதும் படி இறங்கும்போதும் முழங்கால் நழுவினால் கிழிவை ஐயுற வேண்டும்.

கண்டறிதல்: முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பது லாக்மன் சோதனை, கிழிந்திருந்தால் எலும்பு வழக்கத்தைவிட முன்னே நகரும். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. எலும்பு முறிவு உண்டா என அறியவே அது எடுக்கப்படுகிறது. எம்.ஆர்.ஐ. கிழிவை உறுதிசெய்யும்.

மூட்டு அடிக்கடி நழுவினால் குருத்தெலும்பு வட்டும் சேதமடையும். அடிபட்ட காலில் பாதம் மரத்தாலோ சில்லிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.