முதுகலையும் முனைவரும்: மானிடவியல் படிப்பின் வரலாறு

மானிடவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிப்பவருக்கு முதுகலைப் பட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. பிரிட்டனில் அது பெரும்பாலும் கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயமில்லை. இந்தியாவில் நெடுங்காலம் கட்டாயமாக இருந்து, அண்மையில் தளர்த்தப்பட்டது. இந்த வேறுபாட்டின் வேர், அந்தந்த நாட்டில் இரண்டு பட்டங்களும் உருவான விதத்தில் இருக்கிறது.

இரு பட்டங்களின் பிறப்பு

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ‘மாஸ்டர்’, ‘டாக்டர்’ இரண்டுமே கற்பிக்கத் தகுதி பெற்றவரைக் குறித்தன. கலைப் புலத்தில் தேர்ந்தவர் மாஸ்டர் எனவும், சமயம், சட்டம், மருத்துவம் ஆகிய புலங்களில் தேர்ந்தவர் பெரும்பாலும் டாக்டர் எனவும் அழைக்கப்பட்டனர். புதிய ஆய்வு செய்து ஆய்வேடு எழுதிப் பெறும் முனைவர் பட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருப்பெற்றது. அங்கே முதுகலைப் பட்டம் வழக்கொழிந்துபோக, மாணவர் பல்கலைக்கழகப் படிப்பின் முடிவில் நேரே முனைவர் ஆனார்.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கதை வேறு. அங்கே இளங்கலை முடித்தவர் சில ஆண்டுகள் கழித்துத் தேர்வு ஏதும் எழுதாமலேயே எம்.ஏ. ஆகிவிடலாம். இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அமெரிக்கா இரண்டு மரபுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. கீழே ஆங்கிலேய பாணியில் நான்காண்டு இளங்கலைக் கல்லூரி, மேலே ஜெர்மானிய பாணியில் ஆய்வுப் பள்ளி. அந்நாட்டின் முதல் பிஎச்.டி. பட்டங்களை யேல் பல்கலைக்கழகம் 1861இல் வழங்கியது. கல்லூரிக்கும் ஆய்வுப் பள்ளிக்கும் நடுவே நின்ற முதுகலைக்குத் தனக்கென ஒரு திட்டமான வேலை இல்லாமல் போயிற்று.

போவாஸும் மாணவர்களும்

அமெரிக்க மானிடவியலுக்கு அடித்தளமிட்ட பிரான்ஸ் போவாஸ் ஜெர்மானிய மரபில் வந்தவர். கடல்நீரின் நிறம் பற்றிய இயற்பியல் ஆய்வுக்காக 1881இல் கீல் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவரானார். கிளார்க் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் சேம்பர்லினுக்கு 1892இல் கிடைத்ததே அமெரிக்காவின் முதல் மானிடவியல் முனைவர் பட்டம். 1896இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற போவாஸ், அங்கிருந்து அடுத்த தலைமுறை மானிடவியலாளர்களை உருவாக்கினார்.

இளங்கலை நிலையில் மானிடவியலைப் பாடமாக நடத்திய கல்லூரிகள் அப்போது மிகச் சில. ஆகவே வந்தவர்கள் வேறு துறைகளிலிருந்தே வந்தார்கள். பலர் அத்துறைகளின் முதுகலைப் பட்டத்தோடு வந்தார்கள். ஆல்பிரட் குரோபர் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பெற்றவர். அரப்பாஹோ மக்களின் அலங்காரக் குறியீடுகள் பற்றி 28 பக்கங்களில் எழுதிய ஆய்வேட்டுக்காக 1901இல் அவர் பெற்றதே கொலம்பியாவின் முதல் மானிடவியல் முனைவர் பட்டம். எட்வர்ட் சபீர், மொழியின் தோற்றம் குறித்து ஜெர்மானிய மெய்யியலாளர் ஹெர்டர் எழுதியதை ஆராய்ந்து 1905இல் ஜெர்மானியவியலில் எம்.ஏ. முடித்தார், தகெல்மா மொழியின் இலக்கணத்துக்காக 1909இல் முனைவரானார். மார்கரெட் மீட் 1924இல் பெற்ற எம்.ஏ. உளவியலில். அதற்காக அவர் ஆராய்ந்தது இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட அறிவுத்திறன் தேர்வுகளை.

முதுகலை இல்லாமலும் வழி இருந்தது. ரூத் பெனடிக்ட் 1909இல் வாசர் கல்லூரியில் இளங்கலை முடித்தவர். பத்தாண்டு கழித்து நியூ ஸ்கூலில் மானிடவியல் வகுப்புகளில் சேர்ந்தார். 1921இல் கொலம்பியாவுக்கு வந்து 1923இல் முனைவரானார். ஆக, அந்தத் தலைமுறைக்கு முதுகலை ஒரு நிபந்தனையாக இருக்கவில்லை. ஒரு பொருளை எடுத்து ஆராய்ந்து எழுத முடியும் என்பதற்கான சான்றாகவே அது பயன்பட்டது.

பிரிட்டன்: டிப்ளோமா வழி

ஆக்ஸ்ஃபோர்ட் 1905இல் மானிடவியலுக்கு ஒரு டிப்ளோமாவை ஏற்படுத்தியது. எம்.ஏ. என்ற பெயர் அங்கே தேர்வின்றிப் பெறும் பட்டத்துக்கு உரியதாக இருந்ததால், பாடம் படித்துத் தேர்வெழுதிப் பெறும் பயிற்சிக்கு வேறு பெயர்கள் தேவைப்பட்டன. காலனி நிர்வாகப் பணிக்குச் செல்வோரும் அந்த டிப்ளோமா வகுப்புகளில் அமர்ந்தனர். 1917இல் ஆக்ஸ்ஃபோர்ட் முனைவர் பட்டத்தை ஏற்றபோது அதை முழுக்க ஆய்வேட்டுப் பட்டமாகவே வைத்தது. அமெரிக்காவில் முனைவர் மாணவர் முதல் ஈராண்டு வகுப்பில் உட்கார்ந்து படிப்பார். பிரிட்டனில் வந்த நாளிலிருந்தே ஆய்வு. துறையின் அடிப்படைகளை வருமுன்பே கற்றிருக்க வேண்டும், அல்லது கருத்தரங்குகளில் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.

லண்டன் பொருளியல் பள்ளியில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி நடத்திய கருத்தரங்கு இந்த இரண்டாம் வகை. நியூசிலாந்தில் பொருளியல் எம்.ஏ. முடித்த ரேமண்ட் ஃபர்த், பொருளியலைத் தொடர 1924இல் லண்டன் வந்து, மாலினோவ்ஸ்கியின் ஈர்ப்பில் மானிடவியலாளரானார். மாவோரி மக்களின் பொருளியல் பற்றிய ஆய்வுக்காக 1927இல் முனைவரானார். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்து, சீனாவில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்துத் திரும்பிய எட்மண்ட் லீச்சும் அதே கருத்தரங்கில் உருவானவர்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பயிற்சி முறைப்படுத்தப்பட்டது. போர்க்காலத்தில் காலனி அலுவலகத்தில் பணியாற்றிய மேரி டக்ளஸ் 1946இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பினார். 1948இல் மானிடவியலில் பி.எஸ்சி. பெற்றார். அன்றைய ஆக்ஸ்ஃபோர்டில் அந்தப் பெயர் இளங்கலைக்கு மேற்பட்ட படிப்பைக் குறித்தது. அதன் பிறகே பெல்ஜியக் காங்கோவின் லேலே மக்களிடையே முனைவர் பட்டக் களப்பணிக்குப் புறப்பட்டார்.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் மானிடவியல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததே முதுகலை வழியாகத்தான். கல்கத்தாவில் கல்வியாளர் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1920ஐ ஒட்டி முதுகலைத் துறை தொடங்கியது. கொச்சி சமஸ்தானத்தின் சாதிகளையும் பழங்குடிகளையும் பதிவு செய்திருந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் அதற்குத் தலைமை ஏற்றார். பம்பாயில் சமூகவியல் துறையே இத்துறையின் இருப்பிடமாயிற்று. சமஸ்கிருத எம்.ஏ.வோடு கேம்பிரிட்ஜ் சென்று முனைவராகித் திரும்பிய ஜி. எஸ். குர்யே, 1924 முதல் அதை வழிநடத்தினார்.

பம்பாயின் எம்.ஏ. பட்டத்தை அன்று ஆய்வேடு எழுதியும் பெற முடிந்தது. இந்த ஏற்பாடு மாணவர்களின் போக்கையே மாற்றியது. இராவதி கார்வே 1928இல் குர்யேயிடம் எம்.ஏ. முடித்து பெர்லினுக்குச் சென்று முனைவரானார். எம். என். சீனிவாஸ் மைசூரின் திருமணமும் குடும்பமும் பற்றி எழுதிய எம்.ஏ. ஆய்வேடு 1942இல் நூலாகவே வெளிவந்தது. அடுத்துக் கூர்க் மக்களைப் பற்றிய முனைவர் ஆய்வை பம்பாயில் முடித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். முதலில் ராட்கிளிஃப்-பிரவுன், பின்னர் எவன்ஸ்-பிரிட்சர்ட் என மானிடவியலாளர் இருவரின் வழிகாட்டலில் அதே கூர்க் தரவுகளைப் புதிய கோட்பாட்டு நோக்கில் எழுதி, 1947இல் அங்கும் முனைவரானார். கையில் அச்சான நூலும் களத்தில் திரட்டிய தரவும் இருந்த மாணவர் அவர். அந்த நூலே அவருக்கு முதுகலை அளித்த முதன்மையான பயன்.

சென்னை அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய அ. அய்யப்பன் 1937இல் லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறை 1945இல் அமைந்தது. இலங்கைத் தமிழரான எஸ். ஜே. தம்பையாவின் பாதை மாறுபட்டது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1951இல் இளங்கலை முடித்தவர், 1954இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவராகிவிட்டார். பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியரானார். இளங்கலையிலிருந்து நேரே முனைவர் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்க முறைக்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

முனைவருக்குள் அடங்கிய முதுகலை

போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், இளங்கலையிலிருந்து நேரே சேர்க்கும் அந்த முறை வலுப்பெற்றது. முன்னாள் படைவீரர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை நிரப்பியது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏவப்பட்ட மறு ஆண்டு, 1958இல், தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. முனைவர் மாணவர்களுக்கும் அயல்மொழி, வட்டார ஆய்வுகளுக்கும் அரசுப் பணம் பாய்ந்தது. பெரிய துறைகள் இளங்கலை முடித்தவரையே முனைவர் திட்டத்தில் சேர்த்து, பல ஆண்டு உதவித்தொகை கொடுத்து, வகுப்புகளையும் தாங்களே நடத்தத் தொடங்கின. இரண்டாம் ஆண்டுவாக்கில் தேர்வு முடிந்ததும் ஒரு எம்.ஏ. வழியிலேயே கிடைத்துவிடும். தொடர முடியாமல் விலகுபவருக்கும் அதே பட்டம்தான். முதுகலை ஆறுதல் பரிசு என்று பெயரெடுத்தது இதனால்.

தனி மதிப்புள்ள முதுகலைகள் வேறு பக்கம் வளர்ந்தன. 1966ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், சாலை, அணை போன்ற அரசுத் திட்டங்கள் தொல்லியல் இடங்களைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராய வேண்டியதாயிற்று. அப்பணிகளுக்குத் தலைமை தாங்க முதுநிலைப் பட்டம் தகுதியாக வைக்கப்பட்டது. 1974இல் தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பயன்பாட்டு மானிடவியலில் முதுகலை தொடங்கியது. இவை வேலைக்கான பட்டங்கள். முனைவர் படிப்புக்குப் படியாக இருப்பது இவற்றின் நோக்கமல்ல.

பிரிட்டன் எதிர்த்திசையில் நகர்ந்தது. முனைவர் ஆய்வை மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியால் முன்பயிற்சி மேலும் முக்கியமாயிற்று. பொருளியல், சமூக ஆய்வு மன்றம் 2001இல் ஓராண்டு ஆய்வுமுறை முதுகலையும் மூன்றாண்டு முனைவர் ஆய்வும் சேர்ந்த உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய நாடுகளில் 1999ஆம் ஆண்டு போலோனா ஒப்பந்தத்துடன் தொடங்கிய சீர்திருத்தம் இளங்கலை, முதுகலை, முனைவர் என்ற மூன்று படிகளைப் பொதுவாக்கியது.

இன்றைய மதிப்பு

அமெரிக்கத் துறைகள் விண்ணப்பத்தில் பார்ப்பவை சில: தெளிவான ஆய்வுக் கேள்வி, களத்தோடும் அதன் மொழியோடும் உள்ள பழக்கம், பொருத்தமான நெறியாளர், எழுத்து மாதிரி, பரிந்துரைக் கடிதங்கள். முதுகலை இவற்றைத் தேடித் தரும்போது பயன்படுகிறது. பொறியியலிலிருந்தோ இலக்கியத்திலிருந்தோ வருபவருக்கும், இளங்கலையில் மதிப்பெண் குறைந்தவருக்கும் அது ஒரு பாலம். மூன்றாண்டு இளங்கலையை முழுப் பட்டமாக ஏற்காத அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இருப்பதால், இந்திய மாணவருக்கு எம்.ஏ. அந்தக் குறையையும் நிரப்புகிறது. எலும்புகளையும் கல்கருவிகளையும் இனங்காணும் பழக்கம் தேவைப்படும் உடல்சார் மானிடவியலிலும் தொல்லியலிலும் ஆய்வக, அகழாய்வு அனுபவத்துக்குத் தனி எடை உண்டு.

மானிடவியலை இளங்கலையிலேயே படித்து, ஆய்வேடும் எழுதியவருக்கு இந்தப் பயன் குறைவு. முந்தைய முதுகலையின் பாடங்களில் ஒரு பகுதியை அமெரிக்கத் துறைகள் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், மொழிப் பயிற்சிக்கும் ஓராண்டுக்கு மேல் நீளும் களப்பணிக்கும் ஆகும் காலம் சுருங்குவதில்லை. பணக் கணக்கும் உண்டு. முனைவர் மாணவருக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தரும் துறை, முதுகலை மாணவரிடம் பெரும்பாலும் முழுக் கட்டணம் வாங்குகிறது. ஆய்வேடு எழுத இடம் தராத, பேராசிரியரோடு நெருங்கிப் பழக வாய்ப்பில்லாத முதுகலை, செலவுக்கு ஏற்ற பலன் தருவது அரிது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தின. நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் நேரே முனைவர் படிப்பில் சேரவும் வழிவிட்டன. மூன்றாண்டு இளங்கலை முடித்தவருக்கு முதுகலை இன்னும் தேவை. முன்பு எம்.ஏ.விலும் எம்.ஃபில்லிலும் கிடைத்த ஆய்வுப் பயிற்சியை, நேரே வருபவருக்கு நான்காம் ஆண்டு இளங்கலையும் முனைவர் படிப்பின் தொடக்கப் பாடங்களும் தர வேண்டியிருக்கிறது.