விழுப்புண்ணும் வாசற்படியும்

காலடிப்பேட்டை என்ற பெயருக்கும் காலடிக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலெட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலையும் அவரோடு சேர்த்தே ஊர்க்கதை பேசுகிறது. இன்று மெட்ரோ நிலையப் பலகையில் அப்பெயரைப் படிக்கும் பெரும்பாலோர்க்கு ஆளுநர் நினைவு வராது. பெயர் தேய்ந்துவிட்டது, குடியிருப்பு நிற்கிறது. பொறித்த பெயரைவிட வாழ்வதற்குச் செய்த ஏற்பாடே நிலைக்கிறது என்பதால், போரில் காயம்பட்டுத் திரும்பிய படைவீரரை ஒரு நகரம் எப்படிச் சிறப்பிப்பது என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவது பொருத்தம் என்றே கருதுகிறேன்.

தமிழ் மரபு இறந்த வீரனுக்குக் கல் நட்டது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் அதற்கு நிரலே வகுத்துத் தந்தது. மாண்டவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. புண்ணோடு பிழைத்து வந்தவனுக்கு என்ன செய்தார்கள்? விழுப்புண் என்ற பெருமிதச் சொல் இருந்தது. அதைவிட முக்கியமான சான்று நெடுநல்வாடையில் இருக்கிறது. கூதிர்க்கால நள்ளிரவு, வாடையில் விளக்குச் சுடர்கள் சாய்கின்றன, சேற்றுத் தெருவில் குதிரைகள் மேல்விழுந்த மழைத்துளிகளை உதறுகின்றன. வேப்பந்தழை கட்டிய வேலுடன் ஒருவன் முன்னே சென்று முறைமுறையாகக் காட்ட, நழுவும் மேலாடையை இடக்கையால் தழுவியபடி பாண்டியன் புண்பட்டோரைப் பார்த்துக்கொண்டு போகிறான். காயம்பட்டவனை அவைக்கு அழைத்துப் பரிசளிக்கும் காட்சியன்று இது. அரசன்தான் அவன் கிடக்கும் இடத்துக்கு நடக்கிறான். நம் விழா மேடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: ஊன்றுகோலோடு வருபவர் ஐந்தாறு படி ஏறி வந்து பொன்னாடை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நவீனச் சென்னை கல்லின் வழியையே பின்பற்றியது. கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம். 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் குண்டு வீசியதற்கு உயர்நீதிமன்ற மதிலில் ஒரு பலகை. முதல் உலகப் போருக்குப் பின் ஊர்களில் பதிக்கப்பட்ட கல்வெட்டுகளில் இரண்டே எண்கள் இருக்கும்: இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் துறந்தவர் இத்தனை பேர். கால் இழந்து திரும்பியவர் முதல் எண்ணில் உண்டு, இரண்டாவதில் இல்லை. கழித்தால் வரும் மீதியில், முழு உடம்போடு வந்தவர்களுக்குள் அவர் கரைந்துபோகிறார். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதே போரில் சென்னை மாகாணம் பணம் திரட்டி 'டாண்டா' என்ற கப்பலை மருத்துவமனைக் கப்பலாக்கி, 'மெட்ராஸ்' என்று பெயரிட்டு அனுப்பியது. காயம்பட்டவரை நாடிப் போன கப்பல் அது. அதன் பின்னே பேரரசின் தேவை இருந்தது உண்மைதான். ஆனாலும் இந்த ஒரு முறை ஊர்ப்பணம் கல்லுக்குப் போகவில்லை.

இன்று போர்க்காயத்துக்குப் பராக்ரம் பதக் உண்டு, தனி ஓய்வூதியம் உண்டு. இரண்டும் தில்லி தருவன. பணியில் உடலுறுப்பிழந்தோர்க்கான ஆண்டாக 2018ஐத் தரைப்படை கடைப்பிடித்தது. மாநகராட்சிக்கு இதில் வேலையில்லை என்றாகிவிட்டது. அமெரிக்காவில், போர்க்காயத்துக்கு அந்நாடு தரும் பதக்கத்தின் பெயரால், பர்ப்பிள் ஹார்ட் நகரங்கள் என்று பல ஊர்கள் தம்மை அறிவித்துக்கொள்கின்றன. நுழைவாயிலில் பலகை, கடைத்தெருவில் ஒதுக்கிய வண்டி நிறுத்துமிடம். பலகைக்குச் செலவு குறைவு. நிறுத்துமிடமாவது ஒருவருக்குப் பயன்படும்.

காலடிப்பேட்டையில் அதைவிடப் பெரிதாகச் செய்ய இடமிருக்கிறது. 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ ஓடுகிறது. மேம்பால நிலையத்துக்கு லிஃப்ட் உண்டு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. சிக்கல் லிஃப்டுக்கும் வீட்டுக்கும் நடுவில். சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு உயர்த்துகிறார்கள். மழைநீர் உள்ளே வராதிருக்க வாசலில் படி கட்டிக்கொள்கிறார்கள். ஆறு அங்குலப் படி இரண்டு என்றால் உயரம் ஓரடி. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விதிப்படி சாய்தளம் பன்னிரண்டு அடி நீள வேண்டும். பேட்டைச் சந்துகளில் அதற்கு இடமேது? ஆகவே சாய்தளத்தைவிட, சாலையை உயர்த்தாமல் சுரண்டிப் போடுவதே முதல் மரியாதை. பொதுக் கட்டடங்களுக்கோ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது.

எல்லாருக்கும் உரிய வசதி படைவீரர்க்கு எப்படித் தனிச் சிறப்பாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்ணூர் ஆலையில் விரல் இழந்தவரும், துறைமுகத்தில் கால் நசுங்கியவரும் வாழும் பகுதி இது; அவர்களை விலக்கி வைத்துப் பட்டாளத்துக்காரருக்கு மட்டும் வழி அமைத்தால் அவரே கூசுவார். தனிச் சிறப்பை வேறு வகையில் செய்யலாம். வார்டுதோறும் போர்க்காயமுற்றோர் பதிவேடு ஒன்றை, அவர்கள் இசைவோடு, மாநகராட்சி வைத்துக்கொள்ளட்டும். டிசம்பர் 7 கொடிநாளன்று, மேடை போடும் செலவை விட்டுவிட்டு, மண்டல அதிகாரியும் உதவிப் பொறியாளரும் அந்தப் பதிவேட்டோடு வீடு வீடாகப் போகட்டும். பொறியாளர் கையில் பொன்னாடைக்குப் பதில் அளவு நாடா இருக்கட்டும். வாசற்படியிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை அவர் அளந்து குறித்துக்கொள்ளட்டும்.